அந்தரங்கத்தின் காவலர்: நீதிபதி பிராண்டைஸ்

நாடாளும் அரசுக்குக் கண்ணும் காதும் வேண்டும் என்பதை நம் முன்னோர் மறுத்ததில்லை. வள்ளுவப் பெருந்தகை ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தார். ஆனால் அக்காலத்து ஒற்றன் ஒரு மனிதன். அவனுக்கு இரண்டே கண்கள், இரண்டே காதுகள். அவன் உண்ண வேண்டும், உறங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் அவனால் நிற்க முடியும். இன்றைய ஒற்றனோ உறங்குவதில்லை. தெருவிளக்குக் கம்பத்தில் கேமராவாக இருக்கிறான். நம் சட்டைப் பையில் கைபேசியாக இருக்கிறான். கண்டதை மறப்பதுமில்லை, கேட்டதைக் களைவதுமில்லை. இந்தப் புதிய ஒற்றனுக்கு எங்கே வேலியிடுவது?

தொலைபேசியே புதுமையாக இருந்த காலத்தில் இந்தக் கேள்வியை எழுப்பி, அதற்கு விடையும் எழுதி வைத்துவிட்டுச் சென்றார் ஒருவர். அன்று அவர் தோற்றார். அவர் எழுதியது தோற்கவில்லை. அவர்தாம் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ். சட்டம் பயிலும் மாணவனாகிய நான் அவர் பெயரை முதலில் வழக்குத் தொகுதிகளின் அடிக்குறிப்புகளில்தான் கண்டேன். அந்த அடிக்குறிப்புக்குப் பின்னால் நின்ற மனிதரைத் தேடிப் படித்தபோது, பிற துறைகளில் பயிலும் நம் நண்பர்களுக்கும் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்ற ஆவல் எழுந்தது. குறிப்பாகப் பொறியியல் மாணவர்களுக்கு. நாளை அந்தக் கருவிகளைச் செய்யப் போகிறவர்கள் அவர்கள் அல்லரோ!

இளமை

1848-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் மக்களாட்சி வேண்டி எழுந்த புரட்சிகள் ஒடுக்கப்பட்டன. அதன்பின் பிராகா நகரிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய ஒரு யூதக் குடும்பத்தில், கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், 1856 நவம்பர் 13-ஆம் நாள் பிராண்டைஸ் பிறந்தார். தந்தை தானிய வணிகர். தாய்மாமனோ வழக்கறிஞர், அடிமை முறையை எதிர்த்தவர், ஆபிரகாம் லிங்கனை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்த 1860-ஆம் ஆண்டு மாநாட்டில் பங்கு கொண்டவர். அவர்மீது கொண்ட பற்றினால், டேவிட் என்று தமக்கு இட்ட நடுப்பெயரை நீக்கிவிட்டு, டெம்பிட்ஸ் என்ற மாமனின் குடும்பப் பெயரையே சூடிக்கொண்டார் பிராண்டைஸ். தாய்மாமன் உறவின் அருமையைத் தமிழருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1875-இல், பதினெட்டு வயதில், ஹார்வர்டு சட்டப் பள்ளியில் சேர்ந்தார். கல்லூரிப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. இரவு பகலாகப் படித்ததில் கண்பார்வை கெட்டது. உடன் பயின்ற நண்பர்கள் பாடங்களை உரக்கப் படிக்க, அவர் காதால் கேட்டு நெஞ்சில் பதித்துக்கொண்டார். 1877-இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது நிரம்பவில்லை. அவருக்குப் பட்டம் வழங்குவதற்காகப் பள்ளி தன் விதியையே தளர்த்த வேண்டியதாயிற்று.

1879-இல் பாஸ்டன் நகரில் சாமுவேல் வாரன் என்ற வகுப்புத் தோழருடன் கூட்டாகத் தொழில் தொடங்கினார். வாரன் அதே வகுப்பில் இரண்டாம் இடம் பெற்றவர்; காகித ஆலைச் செல்வரின் மகன். இந்த இருவர் நட்பிலிருந்துதான் சட்ட உலகை அசைத்த ஒரு கட்டுரை பிறந்தது.

ஒரு கட்டுரையின் கதை

1888-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பவர் கோடக் என்ற கைக்கேமராவைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். அதற்கு முன் படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறவர் நிலையத்துக்குப் போய், அசையாமல் அமர்ந்து, காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பிலேயே அவருடைய சம்மதம் அடங்கியிருந்தது. கைக்கேமரா வந்தபின் சம்மதம் தேவையற்றதாகிவிட்டது. வழியில் போகிறவர் எவரையும் எவரும் படம் பிடிக்கலாம். மறுநாள் செய்தித்தாளில் அச்சிடலாம். வீட்டு விருந்துகளும் குடும்பத் துயரங்களும் விற்பனைச் சரக்காயின.

1890 டிசம்பரில் ஹார்வர்டு சட்ட இதழில் வாரனும் பிராண்டைஸும் அந்தரங்க உரிமை பற்றி எழுதினார்கள். அவர்களுடைய வாதம் படிப்படியாக ஏறிச் செல்வது. தொடக்கத்தில் சட்டம் உடலின்மேல் விழும் அடியை மட்டுமே குற்றமாகக் கருதியது. பின்னர் அடிக்க ஓங்கிய கையையும் குற்றம் என்றது. அதன்பின் ஒருவரின் நற்பெயருக்குக் காவல் தந்தது. எழுதியவனின் எழுத்தையும் அவனுக்கு உரிய சொத்தாக ஏற்றது. மனிதனின் வாழ்வு நுட்பமாக வளர வளரச் சட்டமும் அவன் பின்னே வளர்ந்து வந்திருக்கிறது. ஆகவே, தொல்லை இன்றித் தன்போக்கில் இருக்க விடப்படும் உரிமையையும் சட்டம் ஏற்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அந்த உரிமைக்கு அவர்களே எல்லையும் வகுத்தார்கள். பொது நலன் சார்ந்த செய்திகளை வெளியிடுவதை இந்த உரிமை தடுக்காது என்று தெளிவாக எழுதினார்கள். 1891-இல் தாம் மணக்கவிருந்த ஆலிஸ் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில், வெளிப்படையாக இருக்க வேண்டிய கடமையைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதத் தமக்கு விருப்பம் உண்டு என்று பிராண்டைஸ் தெரிவித்தார். எளியவனின் வீட்டுக்குத் திரை வேண்டும். வலியவனின் அலுவலகத்துக்குச் சாளரம் வேண்டும். அவருடைய வாழ்நாள் கொள்கையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

மக்களின் வழக்கறிஞர்

அந்தக் கொள்கையின் மறுபாதியை அவர் செயலில் காட்டினார். ஏராளமாகப் பொருள் ஈட்டிய வழக்கறிஞராக இருந்தும், பொதுநல வழக்குகளுக்குக் கட்டணம் வாங்க மறுத்தார். தொழிலாளர் எளிய தொகையில் ஆயுள் காப்பீடு பெறும் வண்ணம், 1907-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேமிப்பு வங்கிகள் வழியே ஒரு திட்டத்தைக் கொண்டுவரப் பாடுபட்டு வென்றார். 1908-இல், சலவைத் தொழில் செய்யும் பெண்களுக்குப் பத்து மணி நேரத்துக்குமேல் வேலை கூடாது என்ற ஆரிகன் மாநிலச் சட்டத்தைக் காக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவர் அளித்த மனு நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. அதில் சட்ட வாதம் இரண்டே பக்கம். எஞ்சியவை அனைத்தும் தொழிற்சாலை ஆய்வாளர்களும் மருத்துவர்களும் தந்த விவரங்கள். வழக்கு வென்றது. வாழ்க்கையின் உண்மைகளைக் கண்டபின் சட்டம் பேசவேண்டும் என்ற பாடத்தை அமெரிக்க வழக்கறிஞர்கள் அந்த மனுவிலிருந்தே கற்றார்கள். 1914-இல் வெளிவந்த நூலில், பெரும் வங்கிகள் மக்கள் பணத்தைக் கொண்டு மறைவில் செய்யும் வேலைகள் வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்று வற்புறுத்தினார்.

வலியவரைப் பகைத்தவருக்குப் பதவி எளிதில் கிட்டுமா? 1916 ஜனவரியில் குடியரசுத் தலைவர் வில்சன் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு முன்மொழிந்தபோது நாடே இரண்டுபட்டது. அந்தப் பதவிக்கு முன்மொழியப்பட்ட யூதர் யாரும் அதுவரை அதில் அமர்ந்ததில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர் டாஃப்ட் உட்படப் பலர் எதிர்த்தார்கள். நான்கு மாதப் போராட்டத்துக்குப் பின், ஜூன் 1-ஆம் நாள், 47 வாக்குகளுக்கு 22 என்ற கணக்கில் செனட் சபை அவரை ஏற்றது. உடன் அமர்ந்த மெக்ரெனால்ட்ஸ் என்ற நீதிபதி, இவர் யூதர் என்ற ஒரே காரணத்தால் முகம் கொடுத்துப் பேசவும் மறுத்தார். பிராண்டைஸ் தம் பணியைப் பார்த்தார்.

கம்பியில் நுழைந்த காது

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது. சியாட்டில் நகரில் ராய் ஓல்ம்ஸ்டெட் என்பவர் முன்பு போலீஸ் அதிகாரியாக இருந்தவர். வேலையை இழந்தபின் கனடாவிலிருந்து மதுவைக் கடத்தி விற்றார். ஐம்பது பேருக்குக் குறையாத ஆட்கள். ஆண்டுக்கு இருபது லட்சம் டாலருக்கு மேற்பட்ட வாணிபம். எல்லாம் தொலைபேசி வழியே நடந்தது. மதுவிலக்கு அதிகாரிகள் அவருடைய வீட்டுக்குள் நுழையவில்லை. தெருக்கம்பியிலும், அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்திலும் மெல்லிய கம்பிகளை இணைத்து, மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்டார்கள். கேட்டவற்றைத் தட்டச்சு செய்தபோது 775 பக்கங்கள் ஆயின. நீதிமன்றத்தின் ஆணை எதையும் அவர்கள் பெறவில்லை. அது மட்டுமன்று, தொலைபேசியை ஒட்டுக்கேட்பது அந்த வாஷிங்டன் மாநிலத்தில் குற்றம் என்று சட்டமே இருந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. முன்பு பிராண்டைஸின் நியமனத்தை எதிர்த்த டாஃப்ட் இப்போது தலைமை நீதிபதி. 1928 ஜூன் 4-ஆம் நாள், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பு வெளியாயிற்று. டாஃப்ட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் இது: முறையற்ற சோதனையைத் தடுக்கும் நான்காம் திருத்தம் மனிதனின் உடலையும் வீட்டையும் தாள்களையும் பொருள்களையும் காக்கிறது, இங்கே யாரும் வீட்டுக்குள் நுழையவில்லை, எந்தப் பொருளையும் எடுக்கவில்லை, காதால் கேட்டது மட்டுமே நடந்தது. ஆகவே தவறு ஏதும் இல்லை.

பிராண்டைஸ் மறுத்து எழுதினார். ஓல்ம்ஸ்டெட் நல்லவர் என்று அவர் சொல்லவில்லை; அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பிராண்டைஸின் கேள்வி வேறு. அரசியற் சட்டம் எழுதப்பட்ட காலத்தில், ஒருவனின் மனத்திலுள்ளதை அறிய வேண்டுமானால் அவன் வீட்டை உடைக்க வேண்டும் அல்லது அவனை வதைக்க வேண்டும். ஆகவே அன்றைய சட்டம் வீட்டையும் உடலையும் பற்றிப் பேசியது. அறிவியல் வளர்ந்தபின், கதவைத் தொடாமலே உள்ளே நுழைய வழி பிறந்துவிட்டது. சட்டத்தின் சொல்லை மட்டும் பார்த்து அதன் நோக்கத்தைக் கைவிடலாமா? உறையிட்டு ஒட்டிய கடிதத்தை ஆணையின்றிப் பிரிக்கக்கூடாது என்று முன்பே தீர்ப்பு உண்டு. தொலைபேசிப் பேச்சுக்கும் கடிதத்துக்கும் என்ன வேறுபாடு?

அதோடு அவர் நிற்கவில்லை. ஒரு தொலைபேசியை ஒட்டுக்கேட்டால் அந்த ஒருவர் மட்டுமா அகப்படுகிறார்? அவரோடு பேசிய மருத்துவர், மனைவி, நண்பர் அனைவரும் அகப்படுகிறார்கள். இன்று கம்பியில் நுழைந்த அரசு, நாளை மேசை அறையிலுள்ள தாளைத் தொடாமலே அதன் படியை நீதிமன்றத்தில் காட்டும் நாளும் வரும் என்று எச்சரித்தார். அக்காலத்தில் தொலைக்காட்சி ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தது. அதைப் பற்றிய செய்தி நறுக்கு ஒன்றைச் சேர்த்து வைத்திருந்த பிராண்டைஸ், தம் முதல் வரைவுகளில் தொலைக்காட்சியையும் குறிப்பிட்டிருந்தார். உதவியாளராக இருந்த இளம் வழக்கறிஞர் ஹென்றி ஃபிரெண்ட்லி அது பொருந்தாது என்று வாதிட்டதால் அதை நீக்கினார். இன்று நம் கைபேசியில் உள்ள கண்ணை நினைக்கும்போது, முதியவரின் பார்வைதான் நெடுந்தொலைவு சென்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

இறுதியாக அவர் சொன்னதுதான் என் நெஞ்சில் ஆழப் பதிந்தது. கொடிய அரசன் உரிமையைப் பறிக்க வந்தால் மக்கள் விழித்துக்கொள்வார்கள். நல்ல நோக்கத்தோடு, ஆனால் எண்ணிப் பாராமல் வரும் அரசிடம்தான் மிகுதியான விழிப்பு வேண்டும். குற்றவாளியைப் பிடிக்க அரசே குற்றம் செய்தால், மக்களுக்கு அது கற்பிக்கும் பாடம் என்ன? சட்டத்தை மதிக்க வேண்டியதில்லை என்பதே அல்லவா?

ஒரு கறை

பெரியோரைப் பாடும்போது குறையை மறைப்பது நம் வழக்கம். வரலாறு அதற்கு இடம் தராது. 1927-இல், கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்கு அவர் விருப்பமின்றியே கருத்தடை அறுவை செய்ய வர்ஜீனியா மாநிலத்துக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. அந்த எட்டுப் பேர் பெரும்பான்மையில் பிராண்டைஸும் இருந்தார். மறுத்தவர் பட்லர் ஒருவரே. தொலைபேசிப் பேச்சின் அந்தரங்கத்தை அடுத்த ஆண்டு கண்டுணர்ந்தவர், ஒரு பெண்ணின் உடலுக்கும் அந்தரங்கம் உண்டு என்பதை அன்று காணவில்லை. அந்த அரசும் நல்ல நோக்கத்தைத்தான் சொல்லிக்கொண்டது! தம் சொந்த எச்சரிக்கைக்கே அவர் ஓராண்டுக்கு முன் இலக்காகியிருந்தார் எனலாம்.

தோல்வியின் வெற்றி

1934-இல் அமெரிக்கக் காங்கிரசு தகவல் தொடர்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்படி, ஒட்டுக்கேட்டுப் பெற்ற சான்று கூட்டரசு நீதிமன்றங்களில் செல்லாது என்று 1937-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பார்க்கப் பிராண்டைஸ் பதவியில் இருந்தார். ஓல்ம்ஸ்டெட்டுக்கும் 1935-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் ரூசவெல்ட் மன்னிப்பு வழங்கினார். 1939-இல் ஓய்வு பெற்ற பிராண்டைஸ் 1941 அக்டோபர் 5-ஆம் நாள் மறைந்தார். அவருடைய சாம்பல், பிறந்த ஊராகிய லூயிவில் நகரின் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் முகப்பின்கீழ் அடக்கம் செய்யப்பட்டது.

1967 டிசம்பர் 18-ஆம் நாள், பொதுத் தொலைபேசிக் கூண்டில் பேசியவரை ஒட்டுக்கேட்ட காட்ஸ் வழக்கில், 1928-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கைவிடப்பட்டது. அரசியற் சட்டம் காப்பது இடங்களை அன்று, மனிதர்களை என்று நீதிமன்றம் ஏற்றது. 2018-இல், ஒருவரின் கைபேசி இருந்த இடங்களை 127 நாள்களுக்கு ஆணையின்றித் திரட்டிய கார்ப்பென்டர் வழக்கிலும் பிராண்டைஸின் மறுப்புரை நினைவு கூரப்பட்டது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கரக் சிங் என்பவர் 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் உத்தரப் பிரதேசப் போலீசார் அவரை விடவில்லை, இரவில் கதவைத் தட்டினார்கள், போகுமிடமெல்லாம் தொடர்ந்தார்கள். 1962 டிசம்பர் 18-ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம், இரவில் கதவைத் தட்டுவது மட்டும் தவறு, பின்தொடர்வது தவறன்று என்றது. மறுத்து எழுதியவர் நீதிபதி சுப்பாராவ்; ராஜமுந்திரியில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். நீதிபதி ஷா அவரோடு சேர்ந்துகொண்டார். நிழல்போல் ஒற்றன் தொடர்கிறவன், வேலியில்லாத சாலையில் நடந்தாலும் விடுதலை பெற்றவன் அல்லன் என்பது சுப்பாராவ் கண்ட நீதி.

1996-ஆம் ஆண்டு, அதுவும் டிசம்பர் 18-ஆம் நாளே, தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும்; இரண்டு மாதத்தில் அது காலாவதியாகும்; நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது; ஒரு குழு அதை ஆராய வேண்டும் என்றது. ஆனால் ஆணையிடுபவரும் ஆராய்பவரும் அரசு அலுவலரே. முன்கூட்டியே நீதிபதியின் இசைவு பெறவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள்தான், புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சுப்பாராவின் மறுப்பு வென்றது. தீர்ப்பில் பிராண்டைஸின் பெயரும் இடம் பெற்றது.

நமக்கு என்ன?

தவறு செய்யாதவனுக்கு அச்சம் ஏன் என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். வெளியூரில் வாழும் நமக்கு விடை எளிது. விடுதித் தாழ்வாரத்தில் நின்று வீட்டுக்குப் பேசுகிறோம். சுற்றி நிற்பவருக்குத் தமிழ் தெரியாது என்ற துணிவில் அம்மாவிடம் கடன் கவலையையும், அக்காளிடம் மனக்குறையையும் கொட்டுகிறோம். அதில் குற்றம் ஏதும் இல்லை; ஆயினும் பக்கத்து அறைக்காரர் தமிழ் அறிந்தவர் என்று தெரிந்தால் குரல் தாழ்ந்துவிடுகிறது. தமிழ் நமக்கு ஒரு கதவாக இருக்கிறது. கணிப்பொறியோ இன்று தமிழையும் அறிந்துகொண்டது. இனி அந்தக் கதவைச் சட்டம்தான் சாத்தித் தர வேண்டும்.

கொலையையும் குண்டுவெடிப்பையும் தடுக்கும் அரசுக்குக் கண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிராண்டைஸும் சொல்லவில்லை. எந்தச் சட்டத்தின்கீழ்? எந்தத் தேவைக்காக? அத்தேவைக்கு அளவானதுதானா? புட்டசாமி தீர்ப்பு அரசிடம் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவையே. இவற்றோடு, யார் பார்க்கிறார், எத்தனை நாள் வைத்திருப்பார், அவரை யார் பார்க்கிறார் என்றும் நாம் கேட்க வேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசின் அமைப்புகளுக்கு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்க இடம் வைத்திருக்கிறது. ஆகவே இக்கேள்விகள் முடிந்துபோனவை அல்ல.

காட்ஸ் தீர்ப்புக்கு 39 ஆண்டுகள் ஆயின. புட்டசாமி தீர்ப்புக்கு அதைவிடவும் மிகுதி. அத்தனை ஆண்டுகளும் அந்த மறுப்புரைகள் நூலகத்தில் காத்துக் கிடந்தன. பொறியியல் நண்பர்களே, நீங்கள் செய்யும் கருவி அவ்வளவு காலம் காத்திராது. செய்த மறுநாளே அது பார்க்கத் தொடங்கிவிடும். ஆதலால், எவ்வளவு பார்க்கலாம் என்று வரையும்போதே, எதைப் பார்க்கக்கூடாது என்பதையும் அதே தாளில் வரைந்துவிடுங்கள்.